எதை விட்டுக்கொடுப்பது: அமெரிக்கப் பெருவியூகங்கள், ஓர் ஒப்பீடு

1953 ஜூலை 16 அன்று அதிபர் ஐசனோவர் தம் அரசின் வெளியுறவு, பாதுகாப்புத் தலைகளை எல்லாம் வெள்ளை மாளிகையில் உட்காரவைத்து மூன்று அணிகளின் வாதங்களைக் கேட்டார். ஸ்டாலின் இறந்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. கொரியப் போர் முடியும் தறுவாயில் இருந்தது. சோவியத் ஒன்றியத்தை எப்படி எதிர்கொள்வது என்ற ஒரே கேள்விக்கு, ஒன்றுக்கொன்று ஒத்துவராத மூன்று விடைகளை அந்த அணிகள் தேசியப் போர்க் கல்லூரியில் சில வாரங்கள் அடைபட்டுத் தயாரித்திருந்தன. சோவியத் விவகாரங்களில் வல்லுநரான தூதர் ஜார்ஜ் கென்னன் தலைமையிலான முதல் அணி, சோவியத் விரிவாக்கத்தைத் தடுத்து நிறுத்தினால் போதும், மற்றதைக் காலம் பார்த்துக்கொள்ளும் என்றது. ஜெனரல் மெக்கார்மக்கின் அணி, உலகப் படத்தில் ஒரு கோடு கிழித்து, அதைத் தாண்டினால் முழுப் போர் என்று அறிவிக்கச் சொன்னது. அட்மிரல் கானலியின் அணி, சோவியத் பிடியில் இருக்கும் நாடுகளை ஒவ்வொன்றாக மீட்க வேண்டும், அதனால் போர் மூளும் ஆபத்தையும் ஏற்க வேண்டும் என்றது.

இந்த யோசனை உதித்த மாளிகை அறையின் பெயரால் இதற்குச் சோலேரியம் திட்டம் என்று பெயர். கென்னனுக்கு அதே ஆண்டில்தான் வெளியுறவு அமைச்சர் டல்லஸ் பதவி தர மறுத்து, அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார். இப்போது அதே டல்லஸ் எதிரே அமர்ந்து கென்னனின் பாடத்தைக் கேட்க வேண்டியதாயிற்று. வரலாறு இப்படிச் சில சின்னச் சின்ன நியாயங்களையும் செய்கிறது.

எனக்கு இந்தப் பயிற்சியில் பிடித்தது முடிவு அல்ல, முறை. ஒவ்வோர் அணியும் தன் வழியை மனப்பூர்வமாக நம்பி வாதாட வேண்டும். அதற்கு எவ்வளவு செலவாகும், எந்த ஆபத்தை ஏற்க வேண்டும் என்பதையும் எழுதித் தர வேண்டும். இன்று வாஷிங்டனில் விற்கப்படும் வியூகங்களில் வரவுப் பக்கம் மட்டும் நிரம்பி வழிகிறது. பெருவியூகம் என்பது ஒரு நாடு தன் படையையும் பணத்தையும் உலகில் எங்கே, எதற்காகச் செலவிடுவது என்ற ஒட்டுமொத்தத் திட்டம். ஆகவே ஒருவர் இதுதான் அமெரிக்காவின் பெருவியூகம் என்று ஒரு தாளை நீட்டினால், அதில் நான் முதலில் தேடுவது அவர் எதை விட்டுக்கொடுக்கச் சொல்கிறார் என்பதை. அந்த வரி இல்லாத தாள் வியூகம் அல்ல, விருப்பப் பட்டியல்.

அளந்து பார்க்க ஒரு கோலும் வேண்டும். அதையும் கென்னனிடமிருந்தே எடுத்துக்கொள்ளலாம். உலகில் பெரும் போருக்கான ஆயுதங்களைப் பெரிய அளவில் உற்பத்தி செய்யக்கூடிய தொழில் மையங்கள் ஐந்துதான் என்று அவர் 1940களின் இறுதியில் கணக்கிட்டார்: அமெரிக்கா, பிரிட்டன், ரைன் நதிப் பகுதி, சோவியத் ஒன்றியம், ஜப்பான். இவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை எதிரியின் கையில் சேரக் கூடாது. மற்ற இடங்களில் என்ன நடந்தாலும் அது வருத்தத்துக்குரியதாக இருக்கலாமே தவிர, ஆபத்தானது அல்ல. இன்று பட்டியலைத் திருத்தினால் சீனா உள்ளே வரும். உலக உற்பத்தித் துறையில் ஏறத்தாழ 30 சதவீதம் அதன் கையில் இருக்கிறது. தென் கொரியாவும் தைவானும் ஜப்பானோடு சேரும். ரஷ்யா கீழே இறங்கும். பாரசீக வளைகுடா அன்றும் மையம் அல்ல, இன்றும் அல்ல. அது மையங்களுக்கு எரிபொருள் தரும் இடம்.

முதன்மை: எல்லா இடத்திலும் இருப்பது

பனிப்போர் முடிந்ததிலிருந்து அமெரிக்கா பெரும்பாலும் நடந்துவந்த பாதை இது. 1992 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் கசிந்த பென்டகன் (அமெரிக்கப் பாதுகாப்புத் துறை) வரைவு ஒன்று இதை ஒளிவுமறைவின்றிச் சொன்னது: இன்னொரு போட்டி வல்லரசு எழாமல் பார்த்துக்கொள்வதே முதல் இலக்கு. விமர்சனம் எழுந்ததும் சொற்களை மென்மையாக்கினார்கள், நடத்தை மாறவில்லை. கிளிண்டன் காலத்தில் இதற்கு மக்களாட்சியையும் சந்தையையும் விரிவாக்குவது என்று பெயர். புஷ் காலத்தில் முன்கூட்டியே தாக்குவது என்று பெயர். கட்சிகள் மாறின, ஐரோப்பா, வளைகுடா, கிழக்கு ஆசியா ஆகிய மூன்று இடங்களிலும் படையோடு இருப்பது என்ற அடிப்படை மாறவில்லை.

இதற்கு ஆதரவான வாதத்தைக் கேலி செய்து தள்ளிவிட முடியாது. கல்விப்புலத்தில் ஐகன்பெரி, புரூக்ஸ், வோல்ஃபோர்த் ஆகியோர் இதன் நிதானமான வடிவத்தை முன்வைத்தார்கள். அமெரிக்கப் படை இருப்பதால்தான் ஜப்பானும் ஜெர்மனியும் அணுகுண்டு செய்யவில்லை. அண்டை நாடுகள் ஒன்றையொன்று சந்தேகித்து ஆயுதம் குவிக்கவில்லை என்பது அவர்கள் வாதம். சான்றும் இருக்கிறது. 1970களில் தென் கொரியாவின் பார்க் சுங் ஹீ இரகசியமாக அணு ஆயுதத் திட்டம் தொடங்கியபோது, பாதுகாப்பைத் திரும்பப் பெறுவோம் என்ற அமெரிக்க மிரட்டல்தான் அவரை நிறுத்தியது. தைவானின் திட்டம் 1988இல் அதே அழுத்தத்தால் மூடப்பட்டது. குடை பிடிப்பவனுக்குத்தான் மழை பற்றிப் பேசும் உரிமை கிடைக்கிறது.

பின் எங்கே தவறுகிறது? மறுக்கத் தெரியாததில். முதன்மை வியூகத்தில் எந்த இடமும் விட்டுக்கொடுக்கக்கூடியது அல்ல. ஓரிடத்தில் பின்வாங்கினால் மற்ற இடங்களில் நம் வாக்குக்கு மதிப்பு குறையும் என்ற அச்சமே அதன் இயந்திரம். 2003இல் ஈராக் எந்தத் தொழில் மையத்தையும் அச்சுறுத்தவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பரில் 33 சர்வதேச உறவு அறிஞர்கள், வால்ட்ஸ், மெர்ஷைமர், வால்ட், போசன் உட்பட, இந்தப் போர் அமெரிக்க நலனுக்கு உகந்தது அல்ல என்று நியூயார்க் டைம்ஸில் காசு கொடுத்து விளம்பரமே வெளியிட்டார்கள். பயனில்லை. ஏறத்தாழ 4,500 அமெரிக்க வீரர்களும் அதைப் போலப் பல மடங்கு ஈராக்கியரும் உயிரிழந்தார்கள். பிராந்தியத்தில் ஈரானின் கை ஓங்கியது.

2008 ஏப்ரலில் புக்கரெஸ்டில் நடந்த நேட்டோ இராணுவக் கூட்டணியின் மாநாடு இந்த வியூகத்தின் நோயை ஈராக்கைவிடத் தெளிவாகக் காட்டுகிறது என்பது என் எண்ணம். உக்ரைனையும் ஜார்ஜியாவையும் உடனே சேர்க்க ஜெர்மனியும் பிரான்சும் ஒப்பவில்லை. புஷ் விடவில்லை. இரண்டு தரப்பையும் திருப்திப்படுத்த, அந்த நாடுகள் ஒருநாள் உறுப்பினர் ஆகும் என்று அறிக்கையில் ஒரு வரி சேர்க்கப்பட்டது. எப்போது என்று இல்லை. அதுவரை யார் காப்பது என்றும் இல்லை. ரஷ்யாவைச் சீண்ட அந்த வரி போதுமானது. உக்ரைனைக் காக்கப் போதாதது. நான்கு மாதத்தில் ஜார்ஜியாவில் போர். ரஷ்யா கிரீமியாவைப் பறித்ததும் 2022 பிப்ரவரியில் உக்ரைன்மீது படையெடுத்ததும் பிறகு வந்தன. நேட்டோ விரிவாக்கமே போருக்குக் காரணம் என்பவர்களும், விரிவாக்கத்தைப் பாதியில் விட்டதே காரணம் என்பவர்களும் இன்றுவரை சண்டையிடுகிறார்கள். இரு தரப்பும் அந்த ஒரு வரியைக் கண்டிக்கலாம்.

செலவுக் கணக்கும் மாறிவிட்டது. 2024 நிதியாண்டில் அமெரிக்கக் கூட்டரசு தன் கடனுக்குக் கட்டிய வட்டி, அதன் பாதுகாப்புச் செலவைத் தாண்டியது. அதைவிட உறைக்கும் எண் ஒன்று உண்டு: உக்ரைன் போர் தொடங்கும் முன் அமெரிக்காவின் 155 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டு உற்பத்தி மாதத்துக்குச் சுமார் 14,000. உக்ரைன் அதைச் சில நாட்களில் சுட்டுத் தீர்த்தது. மூன்று கண்டங்களுக்குப் பொறுப்பேற்றிருப்பதாகச் சொல்லும் நாட்டின் கிடங்கு இது.

தன்னடக்கம்: வீட்டுக்குத் திரும்புவது

எதிர்முனையில் இருப்பவர்கள் தன்னடக்கம் பேசுபவர்கள். இவர்களைத் தனிமைவாதிகள் என்று முத்திரை குத்துவது பழைய தந்திரம். எம்.ஐ.டி. பேராசிரியர் பாரி போசன் முன்வைக்கும் வடிவத்தில் அமெரிக்கா கடலையும் வானையும் விண்வெளியையும் கைவசம் வைத்திருக்கும், வணிகம் செய்யும், ஆனால் கரையில் நிறுத்திய படைகளைப் படிப்படியாகத் திரும்ப அழைத்து, கூட்டாளி நாடுகளைத் தம் சுமையைத் தாமே சுமக்கவைக்கும். 2019இல் இந்தக் கருத்துக்காக வாஷிங்டனில் தொடங்கப்பட்ட குவின்சி நிறுவனத்துக்கு ஆரம்பப் பணம் தந்தவர்களில் ஒருபுறம் சோரோஸ் அறக்கட்டளை, மறுபுறம் கோச் அறக்கட்டளை. அமெரிக்க அரசியலில் இந்த இரண்டு பணப்பைகளும் சேர்ந்து திறப்பது அரிது.

விட்டுக்கொடுப்பதை வெளிப்படையாகச் சொல்வதால் என் சோதனையில் இந்த வியூகம்தான் எளிதாகத் தேறுகிறது. மத்தியக் கிழக்கிலிருந்து போகலாம், ஐரோப்பாவை ஐரோப்பியரிடம் விடலாம் என்று அது பூசி மெழுகாமல் சொல்கிறது. ஆனால் அணு ஆயுதப் பரவல் பற்றிக் கேட்டால் அதன் குரல் தாழ்ந்துவிடுகிறது. தென் கொரியாவில் சொந்த அணுகுண்டு வேண்டும் என்போர் ஏற்கெனவே கருத்துக்கணிப்புகளில் எழுபது சதவீத அளவில் இருக்கிறார்கள். சியோல் செய்தால் டோக்கியோ எவ்வளவு காலம் சும்மா இருக்கும்? பரவினால் பரவட்டும், அதுவும் ஒருவகைச் சமநிலைதான் என்று சிலர் துணிந்து சொல்கிறார்கள். பாகிஸ்தானும் இந்தியாவும் 1998க்குப் பிறகு எத்தனை முறை விளிம்புவரை போய் வந்தன என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்த நமக்கு அந்தத் துணிச்சல் எளிதில் வராது.

தள்ளி நின்று சமன் செய்வது

மெர்ஷைமரும் வால்ட்டும் 2016இல் சேர்ந்து வாதாடிய வழி இது. இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. ஒரு பிராந்தியத்தில் ஏதேனும் ஒரு நாடு மற்ற அனைவரையும் விழுங்கும் அளவுக்கு வளர்ந்தால்தான் அமெரிக்கா தலையிட வேண்டும். அதுவரை உள்ளூர் நாடுகள் ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளட்டும். தலையிட்டாலும் வேலை முடிந்ததும் கப்பலேறிவிட வேண்டும். பிரிட்டன் நூற்றாண்டுகளாக ஐரோப்பிய நிலப்பரப்பைக் கையாண்ட விதம் இதுதான்.

காகிதத்தில் மிக அழகான வியூகம். உண்மையில் எப்படி ஓடும் என்று பார்க்க வளைகுடா இருக்கிறது. அமெரிக்கா இதை அங்கே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஓட்டிப் பார்த்தது.

1968இல் பிரிட்டன் சூயஸுக்குக் கிழக்கே இருந்து வெளியேறப்போவதாக அறிவித்து, 1971 முடிவில் வளைகுடாவை விட்டுக் கிளம்பியது. வியட்நாமில் சிக்கியிருந்த நிக்சனுக்கு அந்த இடத்தை நிரப்பப் படை இல்லை. ஈரானையும் சவூதி அரேபியாவையும் இரு தூண்களாக நிறுத்தினார். 1972 மே மாதம் தெஹ்ரானுக்குப் போய், அணு ஆயுதம் தவிர எதை வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று மன்னர் ஷாவுக்கு வாசல் திறந்துவிட்டார். ஷா 80 எஃப்-14 போர் விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தார். அந்த விமானத்தை வாங்கிய ஒரே வெளிநாடு ஈரான். 1979 பிப்ரவரியில் ஈரான் புரட்சியில் தூண் சரிந்தது. விமானங்கள் அயத்துல்லாக்களின் கைக்குப் போயின.

பிறகு ஈரானை அடக்க ஈராக்கின் பக்கம் சாய்ந்தார்கள். எட்டாண்டுப் போரில் சதாம் உசேனுக்கு உளவுத் தகவலும் கடனும் கிடைத்தன. 1987 மே மாதம் ஈராக் விமானம் ஏவிய ஏவுகணைகள் அமெரிக்கக் கப்பல் ஸ்டார்க்கைத் தாக்கி 37 மாலுமிகளைக் கொன்றன. தவறுதலாக நடந்தது என்று ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதே ஆண்டு குவைத்தின் எண்ணெய்க் கப்பல்களுக்கு அமெரிக்கக் கொடி கட்டிக் காவல் போனார்கள். 1988 ஜூலையில் அமெரிக்கப் போர்க்கப்பல் வின்சென்ஸ் ஈரானின் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தி 290 பேர் இறந்தார்கள். தள்ளி நிற்பதாகச் சொன்னவர்கள் கரையிலிருந்து பார்த்தால் அவ்வளவு தள்ளி இல்லை. 1990 ஆகஸ்டில் சதாம் குவைத்தை விழுங்கியபோது, வளர்த்துவிட்ட தூணை உடைக்க ஐந்து லட்சம் வீரர்களை அனுப்ப வேண்டியிருந்தது.

இந்த வியூகத்தின் ஆதரவாளர்கள் இதே கதையை வேறு விதமாகப் படிக்கிறார்கள். 1991தான் சரியான முன்மாதிரி என்பார்கள்: சமநிலை உடைந்தது, வந்தார்கள், சரிசெய்தார்கள், போகாமல் தங்கியதுதான் தவறு. 1993இலிருந்து ஈரான், ஈராக் இரண்டையும் ஒரே நேரத்தில் அடக்குகிறோம் என்று சவூதியில் படையை நிறுத்தியதுதான் பின்லேடனுக்குப் பேசுபொருளைத் தந்தது. இதில் உண்மை இருக்கிறது. தள்ளி நின்றபோது நடந்த கேடுகளோடு ஒப்பிட்டால் உள்ளே இருந்தபோது நடந்த கேடு பல மடங்கு. 2019 செப்டம்பரில் சவூதியின் அப்கைக் எண்ணெய் நிலையம் தாக்கப்பட்டபோது டிரம்ப் ஈரான்மீது குண்டு வீசவில்லை. உலகம் முடிந்துவிடவில்லை. வாஷிங்டன் கை கொடுக்காது என்று புரிந்த ரியாத், தெஹ்ரானோடு பேசத் தொடங்கி 2023 மார்ச்சில் உறவைப் புதுப்பித்தது. மத்தியஸ்தம் செய்தது பெய்ஜிங் என்பது வாஷிங்டனுக்கு உறுத்தியிருக்கலாம், ஆனால் இரண்டு எதிரிகள் தாமாக அமைதியானதில் அமெரிக்காவுக்கு நட்டம் எதுவும் இல்லை.

ஹோர்முஸ் நீரிணை வழியாகப் போகும் எண்ணெயில் பெரும் பகுதி ஆசியாவுக்குத்தான் போகிறது. அமெரிக்காவே 2018இலிருந்து உலகின் முதல் எண்ணெய் உற்பத்தி நாடு. எண்ணெய் விலை உலகம் முழுக்க ஒன்றுதான் என்பதால் அக்கறையே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த அக்கறைக்குக் கடற்படை போதும்; பாலைவன முகாம்கள் வேண்டியதில்லை.

ஆக, தள்ளி நிற்பது ஒரு நிபந்தனையோடு வேலை செய்கிறது. விழுங்கக்கூடிய அளவுக்கு வளர்ந்த நாடு அந்தப் பிராந்தியத்தில் இருக்கக் கூடாது, அல்லது அதைச் சமன் செய்யும் பலம் அண்டை நாடுகளிடம் இருக்க வேண்டும். வளைகுடாவில் முதல் நிபந்தனை நிறைவேறுகிறது. ஐரோப்பாவில் இரண்டாவது: ஐரோப்பிய ஒன்றியத்தின் பொருளாதாரம் ரஷ்யாவைப் போல ஏறத்தாழ ஒன்பது மடங்கு, மக்கள்தொகை மூன்று மடங்கு. பிரிட்டனிடமும் பிரான்சிடமும் அணு ஆயுதம் இருக்கிறது. இல்லாதது பழக்கம்தான். 2025 மார்ச்சில் ஜெர்மனி தன் கடன் வரம்பைப் பாதுகாப்புச் செலவுக்காகத் தளர்த்தியது; போலந்து தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் நான்கு சதவீதத்துக்கு மேல் பாதுகாப்புக்குச் செலவிடுகிறது. அதே ஆண்டு ஜூனில் ஹேக் நகரில் நேட்டோ நாடுகள் 2035க்குள் ஐந்து சதவீதம் என்று ஒப்புக்கொண்டன. முப்பது ஆண்டுகளாக அமெரிக்க அதிபர்கள் கெஞ்சியும் நடக்காதது, போய்விடுவார்களோ என்ற அச்சம் வந்ததும் நடந்தது. முதன்மைவாதிகள் இதற்கு இன்னும் ஒழுங்கான பதில் சொல்லவில்லை.

ஆசியாவுக்கே முன்னுரிமை

கிழக்கு ஆசியாவில் மேற்சொன்ன இரண்டு நிபந்தனையும் இல்லை. சீனாவின் பொருளாதாரம் ஜப்பான், இந்தியா, தென் கொரியா, ஆஸ்திரேலியா ஆகிய நான்கையும் கூட்டினாலும் அதைவிடப் பெரியது. உலகின் வணிகக் கப்பல்களில் பாதிக்கு மேல் சீனத் தளங்களில் கட்டப்படுகின்றன. அமெரிக்காவின் பங்கு ஒரு சதவீதத்துக்கும் கீழே. எண்ணிக்கையில் சீனக் கடற்படை அமெரிக்கக் கடற்படையைத் தாண்டிவிட்டது. சமன் செய்ய வேண்டிய நாடுகளோ தீவுகளாகவும் தீபகற்பங்களாகவும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் விலகிக் கிடக்கின்றன. பழைய பகைகளும் உண்டு. ஜப்பானும் கொரியாவும் வாஷிங்டன் உட்காரவைக்காமல் ஒரே மேசையில் அமர்வது அபூர்வம். இங்கே தள்ளி நின்றால் சமன் செய்ய யாரும் மிஞ்ச மாட்டார்கள். இதை மெர்ஷைமரே ஒப்புக்கொள்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

எல்பிரிட்ஜ் கோல்பி போன்றவர்கள் சொல்வது இதன் இறுக்கமான வடிவம். அவர் 2018இல் பென்டகன் வெளியிட்ட பாதுகாப்பு உத்தியை எழுதியவர்களில் முக்கியமானவர். 2025இல் பென்டகனின் கொள்கைப் பிரிவுத் தலைவராகத் திரும்பி வந்தார். சீனாவைத் தோற்கடிக்க வேண்டாம், அதன் ஆட்சியை மாற்ற வேண்டாம். தைவானைப் பிடிக்க முடியாதபடி செய்தால் போதும். அதற்காக மற்ற இடங்களில் குறைத்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் கணக்கு.

இதை ஏற்கெனவே ஒருமுறை அறிவித்தார்கள். 2011 நவம்பரில் ஒபாமா கான்பெராவுக்குப் போய், அமெரிக்கா இனி ஆசியா பக்கம் திரும்புகிறது என்றார். ஆஸ்திரேலியாவின் டார்வினில் மரைன் படை வீரர்களைச் சுழற்சி முறையில் நிறுத்தினார்கள். 2014 ஜூனில் ஈராக்கின் மோசுல் நகரம் ஐ.எஸ். கையில் விழுந்தது, கவனம் மறுபடி மத்தியக் கிழக்குக்குப் போயிற்று. 2023 இறுதியில் செங்கடலில் யேமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும் அதே கதை: பசிபிக்கில் தேவைப்படும் விலையுயர்ந்த இடைமறிப்பு ஏவுகணைகள் மலிவான டிரோன்களை வீழ்த்தச் செலவாயின. முன்னுரிமை என்பது அறிவிப்பில் இல்லை. தொந்தரவு வரும்போது அசையாமல் இருப்பதில் இருக்கிறது. எந்த அதிபருக்கும் அது கைவரவில்லை. தொலைக்காட்சியில் கப்பல் எரியும்போது, இது நமக்கு இரண்டாம் பட்சம் என்று சொல்ல அசாத்திய நெஞ்சுரம் வேண்டும்.

கோடு கிழிப்பதிலும் ஆபத்து உண்டு. 1950 ஜனவரியில் வெளியுறவு அமைச்சர் அச்சிசன் பசிபிக்கில் அமெரிக்கப் பாதுகாப்பு எல்லையை விவரித்தபோது தென் கொரியா அதற்கு வெளியே நின்றது. ஜூனில் வட கொரியப் படை உள்ளே வந்தது. அந்தப் பேச்சுதான் படையெடுப்புக்குக் காரணமா என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. வட கொரியத் தலைவர் கிம் இல் சுங்குக்கு ஸ்டாலின் பச்சைக்கொடி காட்டியதற்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் வெளியே விட்டதாகச் சொன்ன இடத்துக்காக அமெரிக்கா மூன்றாண்டு போரிட்டது என்பதில் ஐயமில்லை. எதை விட்டுக்கொடுப்பது என்று நீங்கள் முடிவு செய்திருக்க வேண்டும். அதை ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வழிக்கு இந்தியா தேவை. இமயமலை எல்லையில் சீனப் படைகளைக் கட்டிப்போடக்கூடிய ஒரே பெரிய நாடு அது. 2020 ஜூனில் கல்வானில் ரத்தம் சிந்திய பிறகு அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியாவோடு சேர்ந்த குவாட் குழுவில் புது தில்லியின் தயக்கங்கள் குறைந்தன. ஆனால் 2025 ஆகஸ்டில் ரஷ்ய எண்ணெயைக் காரணம் காட்டி அமெரிக்கா இந்தியப் பொருட்கள்மீது வரியை 50 சதவீதமாக ஏற்றியது. திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதியாளர்களுக்கு அது எப்படி வந்து விழுந்தது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். வியூகத்தை எழுதும் கையும் வரியை எழுதும் கையும் ஒரே உடலில் இருப்பதாகத் தெரியவில்லை. 1971 டிசம்பரில், பாகிஸ்தானோடு போர் நடந்தபோது, அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் எண்டர்பிரைஸ் வங்காள விரிகுடாவுக்கு வந்ததை இன்னும் மறக்காத நாடு, தன் நலனுக்கு ஒத்துவரும் அளவுக்குத்தான் சமன் செய்யும். அந்த அளவு வாஷிங்டனின் தேவைக்குச் சமமாக இருக்கும் என்று கணக்குப் போடுவது அசட்டுத்தனம்.

சொந்த அரைக்கோளம்

2025 டிசம்பரில் வெள்ளை மாளிகை வெளியிட்ட தேசியப் பாதுகாப்பு உத்தி, இரு அமெரிக்கக் கண்டங்களையும் முதலிடத்தில் வைத்து, ஐரோப்பிய வல்லரசுகள் இந்தக் கண்டங்களில் தலையிடக் கூடாது என்ற 1823ஆம் ஆண்டு மன்றோ கோட்பாட்டுக்கு டிரம்ப் பெயரில் ஒரு துணைக் கோட்பாடும் சேர்த்தது. மன்றோ அறிவித்தபோது அதை நிறைவேற்றும் கடற்படை அமெரிக்காவிடம் இல்லை. பிரிட்டிஷ் கப்பல்களின் தயவில்தான் அது நின்றது. இன்று கப்பல்கள் இருக்கின்றன, ஆனால் போட்டி கப்பலால் நடக்கவில்லை. தென் அமெரிக்காவின் முதல் வணிகக் கூட்டாளி சீனா; பெருவில் சீன நிறுவனத்தின் சான்காய் துறைமுகம் 2024 நவம்பரில் திறக்கப்பட்டது. கென்னனின் கோலால் அளந்தால் இந்த அரைக்கோளத்தில் அமெரிக்காவைத் தவிர வேறு தொழில் மையமே இல்லை. இதை ஒரு வியூகமாக எடைபோட எனக்கு அதிகம் கிடைக்கவில்லை.

எதை எடுப்பது

என் கணக்கில் ஒரே வியூகத்தை மூன்று பிராந்தியங்களுக்கும் போர்த்துவதுதான் அடிப்படைப் பிழை. ஐரோப்பாவில் தன்னடக்கவாதிகள் சரி: பத்தாண்டுத் திட்டம் போட்டு, அணுக்குடையை, அதாவது தாக்கப்பட்டால் அணு ஆயுதத்தால் காப்போம் என்ற உறுதியை, மட்டும் கடைசிவரை வைத்துக்கொண்டு, தரைப்படைப் பொறுப்பை ஐரோப்பியரிடம் ஒப்படைக்கலாம். வளைகுடாவில் தள்ளி நிற்பவர்கள் சரி. கிழக்கு ஆசியாவில் இருந்தாக வேண்டும். கொரியாவில் இருக்கும் 28,500 பேரையும் ஜப்பானில் இருக்கும் 50 ஆயிரத்துச் சொச்சம் பேரையும் குறைப்பது சேமிப்பு அல்ல.

இப்படிக் கலந்து எடுப்பதற்கு முன்னுதாரணம் ஐசனோவரே. அவர் கென்னனின் தடுத்து நிறுத்தலை அடித்தளமாக எடுத்தார். இரண்டாம் அணியிடமிருந்து அணு ஆயுத மிரட்டலை எடுத்துக்கொண்டு, 15 லட்சமாக இருந்த தரைப்படையைத் தம் ஆட்சி முடிவதற்குள் 9 லட்சத்துக்கும் கீழே இறக்கினார். அணுகுண்டுகள் ஆயிரத்துச் சொச்சத்திலிருந்து 18 ஆயிரத்தைத் தாண்டின. மூன்றாம் அணியின் மீட்புப் போரை மறுத்தார். 1956இல் ஹங்கேரி எழுந்தபோது அதைச் செயலிலும் காட்டினார். ஆனால் அந்த அணி விரும்பிய இரகசிய வேலைகளில் மலிவானதைத் தம் ஆட்சியின் கருவியாக வைத்துக்கொண்டார். சோலேரியம் கூட்டம் முடிந்து ஐந்து வாரங்கள்கூட ஆகாத நிலையில், 1953 ஆகஸ்ட் 19 அன்று, சி.ஐ.ஏ.யும் பிரிட்டிஷ் உளவுத் துறையும் சேர்ந்து தெஹ்ரானில் பிரதமர் மொசாடெக்கின் அரசைக் கவிழ்த்தன. செலவு மிகக் குறைவு, அமெரிக்க உயிர்ச்சேதம் இல்லை. நிக்சன் பின்னாளில் நம்பி நிறுத்திய ஷா என்ற தூண் அந்தக் கவிழ்ப்பில் நட்டதுதான். 26 ஆண்டுகள் கழித்து அது சரிந்தபோது வந்த பில்லை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

எனவே நான் சொல்லும் கலவையிலும் கவனிக்க வேண்டியது எந்த மலிவான துண்டு உள்ளே நுழைகிறது என்பதை. முகாம்களை மூடிவிட்டு வானிலிருந்து அவ்வப்போது தாக்கிக்கொள்ளலாம் என்பது இன்றைய மலிவான துண்டு. தள்ளி நிற்பதாகச் சொல்லிக்கொண்டே அதைச் செய்ய முடியும்; யாரும் கேட்க மாட்டார்கள், கொஞ்ச காலத்துக்கு.

முன்னுரிமைவாதிகள் சொல்வது வெறும் பேச்சா என்று சோதிக்க அவர்கள் உரைகளைப் படிக்க வேண்டியதில்லை. தைவான் நீரிணையில் மிகவும் பயன்படக்கூடிய ஆயுதம் தாக்குதல் நீர்மூழ்கி. ஆண்டுக்கு இரண்டு வர்ஜீனியா வகை நீர்மூழ்கிகள் கட்டுவதாகத் திட்டம்; பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் சேர்ந்த ஆக்கஸ் பாதுகாப்பு ஒப்பந்தத்தின்படி 2030களில் ஆஸ்திரேலியாவுக்கு மூன்றையாவது விற்பதாக வாக்கும் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு ஈடுகொடுக்க ஆண்டுக்கு இரண்டுக்கு மேல் வேண்டும். கனெக்டிகட்டின் குரோட்டனிலும் வர்ஜீனியாவின் நியூபோர்ட் நியூஸிலும் உள்ள இரண்டு தளங்களும் சேர்ந்து அண்மை ஆண்டுகளில் கட்டி முடித்தது சராசரியாக ஆண்டுக்குச் சுமார் 1.2. வெல்டர்கள் கிடைக்கவில்லை என்கிறார்கள். ஐரோப்பாவிலும் வளைகுடாவிலும் மிச்சமாகும் பணம் அந்தத் தளங்களுக்குப் போகிறதா என்பதைப் பார்த்தால் போதும்.